எலுமிச்சம்பழமும் எஞ்சினும்

பிரான்ஸ் தேசத்தில் வாங்கிய ரஃபேல் என்னும் சண்டை விமானங்களில் முதலாவதை 2019-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி விஜயதசமியன்று ராணுவ மந்திரி திரு. ராஜ்நாத் சிங் அவர்கள் நேரில் சென்று பெற்றுக்கொண்டபோது, அதன்மேல் "ஓம்" என்றெழுதி, தேங்காயும் பூவும் வைத்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்களையும் வைத்து மரியாதை செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிரிக்க வேண்டியவர்கள் அன்றே சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். நமக்கு மாத்திரம் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த 36 விமானங்களுக்கும் அவற்றின் ஆயுதங்களுக்குமாகச் சுமார் 59,000 கோடி ரூபாய் ஆகிறது. தீப்பெட்டி வாங்குகிறவனும் சோப்பு வாங்குகிறவனும் கொடுத்த வரிப்பணந்தான் அது.

யுத்தம் வேண்டுமென்பது நமது அபிப்பிராயமல்ல. ஆனால் ஆகாயப் படை என்று ஒன்றை வைத்து, அதில் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளை ஏற்றிப் பறக்கச் சொல்லுகிற சர்க்கார், அப்பிள்ளைகளின் உயிருக்கு எதை நம்பியிருக்கிறது என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

மிக்-21 என்னும் ரஷ்ய விமானம் 1963-ல் நமது படையில் சேர்ந்தது. அதற்கு வழியனுப்பு உபசாரம் நடந்தது 2025 செப்டம்பர் 26-ந் தேதி, சண்டிகரில். 62 வருஷம்! அப்போதைய ராணுவ மந்திரி திரு. அந்தோணி அவர்கள் 2012-ல் ராஜ்ய சபையில் சொன்ன கணக்குப்படி, வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 அதுவரை விபத்திலேயே அழிந்துபோயின. விமானிகள் 171 பேரும், பொது ஜனங்கள் 39 பேரும் செத்தார்கள். இவை யுத்தத்தில் எதிரி சுட்டு விழுந்தவை அல்லவென்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவர்கள் உண்டு. விதி எந்த ஆபீசில் உட்கார்ந்திருந்தது என்பதை நாம் சொல்லுகிறோம். பழகுகிற விமானிகளுக்கு வேகமான ஜெட் பயிற்சி விமானம் வேண்டுமென்று லாஃபோன்டேன் கமிட்டியார் 1982-லேயே சிபாரிசு செய்தார்கள். அதற்காக ஹாக் விமானம் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-ல். இடையில் 22 வருஷ காலம், மெதுவான விமானத்தில் பழகிய வாலிபர்கள், மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும் மிக்-21-ல் ஏற்றப்பட்டார்கள். மாட்டு வண்டி ஓட்டப் பழகியவனை மறுநாளே மெயில் வண்டி எஞ்சினில் ஏற்றிவிட்டால் அதற்குப் பெயர் விதியா?

நிற்க. "நமது தேசம் ஏழை, பணமில்லை, என்ன செய்வது" என்கிறார்கள். பணம் குறைவுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் பணம் குறைந்தவனல்லவா காலத்தில் தீர்மானம் செய்யவேண்டும்? 126 விமானம் வேண்டுமென்று 2007-ல் டெண்டர் விட்டு, 2012-ல் ரஃபேலைப் பொறுக்கி, 2015-ல் அதைக் கைவிட்டு, 2016-ல் 36 மட்டும் வாங்கினார்கள். கலியாண ஜவுளிக்குக் கடையில் எட்டு வருஷம் உட்கார்ந்து கடைசியில் மாப்பிள்ளைக்கு ஒரு துண்டு எடுத்த கதைதான் இது. 42 அணிகள் வேண்டிய படையில், மிக்-21 போன அன்று மிஞ்சியவை 29.

ஏழைக்கு வழி, விலையுயர்ந்ததைக் கொஞ்சமாகவும் நடுத்தரமானதை உள்ளூரிலேயே நிறையவும் வைத்துக்கொள்வதுதான். கோயமுத்தூருக்கடுத்த சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸ் அப்படிப்பட்டது. அதில் 83 விமானங்களுக்கு மந்திரிசபை 2021-ல் அனுமதித்த தொகை ஏறக்குறைய 47,000 கோடி. (ரஃபேல் பெரியது, ஆயுதங்களும் சேர்ந்த விலை; இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.) 1983-ல் ஆரம்பித்த தேஜஸ் 2001-ல்தான் முதன்முதல் பறந்தது என்று பரிகசிக்கிறவர்கள் சொல்லுவதும் பொய்யல்ல. ஆனால் கடையில் வாங்கியே காலம் தள்ளுகிறவன் என்றைக்கும் செய்யக் கற்றுக்கொள்ள மாட்டான்.

இதிலும் முக்கியமான இடத்தில் ஓட்டை இருக்கிறது. தேஜஸின் எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். 2021-ல் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்து, முதலாவது வந்தது 2025 மார்ச்சில். அதுவரை கூடு இருந்தும் உயிரில்லை. நாமே செய்யவேண்டுமென்று 1989-ல் தொடங்கிய காவேரி எஞ்சினையோ, போதிய சக்தியில்லையென்று 2008-ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். எஞ்சின் என்பது சாமானியமான வேலையல்ல. அதற்குள் சுழலும் தகடுகள், தாங்கள் உருகக்கூடிய சூட்டிலும் அதிகமான சூடுள்ள வாயுவில் நின்று வேலைசெய்ய வேண்டும். அதற்காகத் தகட்டின் உள்ளே நுண்ணிய துவாரங்கள் வைத்துக் காற்றைச் செலுத்திக் குளிரவைக்கிறார்கள். தகடு முழுவதையும் ஒரே பளிங்காக வார்க்கிறார்கள். இதற்கு மந்திரமில்லை, உலையும், உலோக சாஸ்திரமும், நூறு தடவை உடைத்துப் பார்க்கிற பொறுமையுந்தான் வேண்டும். அந்தக் காவேரியைப் பறக்கவைத்துச் சோதிக்க ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். தேங்காய் வைக்கப் பிரான்சில் இடம் கிடைத்தது. எஞ்சினைச் சோதிக்க இந்தியாவில் இடம் கிடைக்கவில்லை.

ஆகவே இனி விமானம் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு பங்கை எஞ்சின் சோதனைச் சாலைக்கென்று முதலிலேயே எடுத்துவைக்கட்டும். தவிரவும், வருஷத்துக்கொருமுறை, எந்தச் சிபாரிசு எந்த உத்தியோகஸ்தர் மேஜையில் எத்தனை மாதம் கிடந்தது என்ற ஜாப்தாவைப் பார்லிமெண்டில் வைக்கட்டும். எத்தனை குண்டு, எத்தனை விமானம் என்பதை எதிரிக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளட்டும். காகிதம் மேஜையில் தூங்கிய மாதக்கணக்கில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?