ஊசி போட்டீர்கள், கண்ணைப் பார்க்கவில்லை
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டீன் ஒருவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் ஐயா அவர்களுக்கு,

நீங்கள் தலைமை வகிக்கும் இதே மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனு எழுதத் தெரியாமல் ஊரறிய எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகள் பிரிவுத் தலைவர் வழியாக மனு கொடுத்தேன். உங்கள் அலுவலகத் தபாலில் கொடுத்து முத்திரை வாங்கினேன். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்தேன். அது சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்கே வந்தது. குழந்தைகள் நலப் பிரிவு சிறப்பாக இயங்கி வருகிறது என்று பதில் அனுப்பினீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லையே ஐயா.

விதிமுறைகளை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் எழுதவில்லை. உங்கள் ரெக்கார்டு ரூமில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

எங்கள் தெருவில் கொத்து வேலைக்குப் போகிறவரின் மகள். 3 வயதில் வலது முழங்கால் வீங்கியது. அடி பட்டதில்லை, காய்ச்சலும் இல்லை. காலையில் எழுந்தால் காலை நீட்ட வராது. பாயிலிருந்து உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வரும். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். பத்து மணிக்கு மேல் கால் இளகிவிடும், பிள்ளை விளையாடப் போய்விடும். இந்த நோயின் குணமே அதுதான். ராத்திரி முழுக்க அசையாத மூட்டு விடியும்போது இறுகிக் கிடக்கும், நடமாட நடமாட விட்டுக்கொடுக்கும். உங்கள் ஓ.பி.யில் ஏழரை மணிக்குச் சீட்டு வாங்க நின்றவர்கள் டாக்டர் முன்னால் உட்காரப் பதினோரு மணி ஆகும். அதற்குள் குழந்தை நடந்துவிட்டது. “நல்லாத்தானே நடக்குது” என்று வலி சிரப் எழுதி அனுப்பிவிட்டார்கள். வரிசையில் நிற்க வைத்தே நோயை மறைத்த பெருமை உங்கள் ஓ.பி.க்கு உண்டு.

வீக்கம் போகவில்லை. குழந்தைகள் பிரிவு எலும்புப் பிரிவுக்கு எழுதியது. அங்கே மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது தொடைச் சதை வற்றியிருந்தது, முழங்கால் முழுசாக நீளவில்லை. மூட்டுவாதப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள் அம்மா. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இங்கே பார்ப்பதில்லை என்றார்கள். மறுபடி குழந்தைகள் பிரிவு. ரத்தம் எடுத்தார்கள். ஏ.எஸ்.ஓ. கொஞ்சம் கூடுதல். அதைச் சிவப்பு மையில் சுழித்து, ருமாட்டிக் காய்ச்சல் என்று எழுதி, இருபத்தொரு நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று தொடங்கிவிட்டார்கள்.

ஏ.எஸ்.ஓ. கூடுதல் என்றால் தொண்டையில் ஒரு கிருமி வந்துபோன தடம் இருக்கிறது என்பதற்கு மேல் அர்த்தமில்லை. நம் ஊர்க் குழந்தைகளில் பலருக்கு அது கூடித்தான் இருக்கும். ருமாட்டிக் காய்ச்சலின் மூட்டுவலி ஓரிடத்தில் தங்காது. சில நாளில் முழங்காலை விட்டுக் கணுக்காலுக்குப் போகும், அங்கிருந்து வேறு மூட்டுக்குத் தாவும். மாதக்கணக்கில் ஒரே முழங்காலில் குடியிருக்காது. 5 வயதுக்குள் அந்த நோய் வருவதே அரிது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வகுப்பெடுத்த பிள்ளைகளுக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருப்பார்கள்.

அந்த ஊசியைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மோர் மாதிரி ஆகும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் தடித்த ஊசிதான் வேண்டும். சதையில் போட்டால் அன்று முழுக்க உட்கார முடியாது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தையின் இதய வால்வைக் காப்பாற்றுவது அந்த ஊசிதான். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. இந்தக் குழந்தைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஊசி அறை வாசலிலேயே கத்தத் தொடங்கும். அசையாமல் இருக்க அப்பா காலைப் பிடித்துக்கொள்வார், வீங்கிய அதே காலை. இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல்.

பிள்ளைக்கு வந்தது சிறுவயது மூட்டுவாதம். டாக்டர்கள் ஜே.ஐ.ஏ. என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திரும்பி நின்று மூட்டைத் தாக்குவது. “வாதம் கிழவிக்கு வரும், குழந்தைக்கு வருமா” என்று எங்கள் தெருப் பாட்டிகள் கேட்பதில் தப்பில்லை. லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 22 குழந்தைகளைப் பார்த்து, இது பெரியவர்களின் வாதம் மாதிரி இல்லை என்று 1897-லேயே எழுதிவைத்துவிட்டார். அந்தச் சுற்றறிக்கை இன்னும் உங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது.

மூட்டோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சின்ன வயதில், ஒன்றிரண்டு மூட்டில் மட்டும் இந்த நோய் வருகிற பெண் குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் இந்தக் குழந்தைகளை, கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண் டாக்டர் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் ஸ்லிட் லாம்ப் இல்லையா? இருக்கிறது. ஊசி அறை முதல் மாடி, கண் பிரிவு இரண்டாம் மாடி. இரண்டு வருஷமாக முதல் மாடிக்கு வந்துபோன குழந்தையை இன்னொரு மாடி ஏறச் சொல்லி ஓ.பி. சீட்டில் ஒரு வரி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனைக்கு வந்த உதவியாளர். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொன்னார். குழந்தை எந்தப் படத்தை என்று திருப்பிக் கேட்டதாம். டார்ச் அடித்தால் தெரியாதது அதற்குள் டார்ச் அடித்தாலே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. இடது கண்ணின் கருமணி வட்டமாக இல்லை. பின்னாலிருக்கும் லென்ஸில் ஒட்டிக்கொண்டு ஓரமெல்லாம் கோணல். அதற்கு மேல் புரை.

சென்னைக்குக் கொண்டுபோனோம். ஊசியை அன்றே நிறுத்தினார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அது ஒன்றும் கிடைக்காத மருந்து இல்லை. பெரியவர்களின் மூட்டுவாதத்துக்கு உங்கள் மருந்தகத்திலேயே கொடுக்கிறீர்கள். சில மாதத்தில் முழங்கால் வற்றியது. பிள்ளை இப்போது காலையில் எழுந்து நடந்தே வாசலுக்கு வருகிறது. வலது கண்ணைக் காப்பாற்ற இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடாலிமுமாப் ஊசி. அதற்குக் கொத்து வேலைக்காரர் காசுக்கு அலைவது தனிக் கதை. இடது கண்ணில் கை அசைந்தால் தெரிகிறது. அவ்வளவுதான்.

யாரையாவது சஸ்பெண்ட் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். இரண்டாம் வருஷப் பி.ஜி. மாணவர் ஒருவரைப் பிடித்து மெமோ கொடுத்து ஃபைலை மூடுவீர்கள். ராத்திரி டூட்டி முடித்துத் தூங்காமல் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையா இதற்குப் பொறுப்பு? அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. மூன்று பிரிவும் அவரவர் கையெழுத்தைப் போட்டு அடுத்த பிரிவுக்குத் தள்ளின. மூன்றுக்கும் பொதுவாக இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

தரச் சான்றிதழுக்கு ஆய்வு வருகிறது என்றால் ஒரே வாரத்தில் குழந்தைகள் வார்டு சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்துவிடுகிறீர்கள். அந்த வாரம் மட்டும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசவும் முடிகிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் அரசு தொடங்கியது. ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். மருத்துவத்தைத் தேடி வந்த குழந்தைக்கு உங்கள் மருத்துவம் ஒரு மாடி இறங்கி வரவில்லை.

குழந்தைகளின் வாத நோய்க்கும் எதிர்ப்புச் சக்திக் கோளாறுகளுக்கும் என்றே சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் உயர் பட்டப்படிப்பு நடக்கிறது. அப்படிப் படித்தவர்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர்தான். நாளைக்கே ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வையுங்கள் என்று கேட்க எனக்குப் பைத்தியம் இல்லை. வாரத்தில் ஒரு முற்பகல் குழந்தை டாக்டரும் மூட்டுவாத டாக்டரும் கண் டாக்டரும் ஒரே அறையில் உட்காரட்டும். அதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம், ஒரு மேசையும் உங்கள் கையெழுத்தும் போதும். அதற்குக்கூட மனசில்லை என்றால், பதில் எழுதும் சிரமமாவது இனி வேண்டாம்.

அப்படி ஒரே அறையில் உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இருபத்தொரு நாள் ஊசிக்கு வருகிறவர்களின் பெயர்கள் ஊசி அறைப் பதிவேட்டில் வரிசையாக இருக்கின்றன. ருமாட்டிக் காய்ச்சல் என்று எழுதியிருந்தும் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லாமல், மாதக்கணக்கில் ஒரே மூட்டு வீங்கியே இருக்கும் குழந்தைகள் அதில் எத்தனை பேர் என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர்களை இந்த வாரமே இரண்டாம் மாடிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்