முரசு வருத்தமும் எங்கட கோரிக்கைதான்



பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில இருக்கிற ஒரு அன்ரியோட, மொழிபெயர்க்க, பல் வைத்தியரிட்டப் போனேன். அன்ரி வீட்டு வேலை செய்கிறவ. பத்து வருசமா சீனி வருத்தம். பல்லுத் தீட்டினா இரத்தம், ரெண்டு பல்லு ஆடுது. முரசுக்குக் கீழே படிந்த காறையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேணும் என்றார் வைத்தியர். விலையைக் கேட்டதும் அன்ரி எழும்பிட்டா. "பிடுங்கிவிடச் சொல்லு பிள்ளை. அது மலிவு."

இதை அன்ரியின்ர கவலையீனம் என்று சொல்லாதீங்கோ. இரத்தத்தில் சீனி கூடினால் முரசில் தொற்று முற்றும். முரசு அழற்சி கூடினால் சீனி அடங்காது. முரசைச் சுத்தம் செய்தால் சீனியும் இறங்கும்: 35 ஆய்வுகளைத் தொகுத்த 2022 கொக்ரேன் மதிப்பாய்வின்படி, மூன்று நாலு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைந்தது. அப்படியென்றால் இது அழகுக்குச் செய்யிற வேலை இல்லை, நீரிழிவு வைத்தியம்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 1970-ல் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோவின் குழு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கியது. பல் வைத்தியமே கிடைக்காத வாயில் முரசு நோய் எப்படி வளரும் என்று 15 வருடம் பார்த்தார்கள். 1986-ல் வெளியான முடிவில், 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக. அதே லோதான் 1993-ல் முரசு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். தோட்டத் தொழிலாளியின் வாய் உலகத்துக்குப் பாடமானது. வைத்தியம் மட்டும் அவனுக்கு எட்டவில்லை. இன்று பலெர்மோவில் வீடு துடைக்கிற அன்ரிக்கும் அதே கதை.

இத்தாலியில் 1978-லிருந்து எல்லாருக்கும் பொதுச் சுகாதாரம். நீரிழிவுக்காரருக்கு 013 கட்டண விலக்கும் உண்டு. ஆனால் பல் என்று வந்தால் பெரியவர்களில் பெரும்பாலோர் தனியாரிடம்தான் போக வேணும். 2017 ஆணை 14 வயது வரையான பிள்ளைகளையும் "நலிந்தோரையும்" உள்ளடக்குகிறது. யார் நலிந்தோர் என்பதைத் தீர்மானிப்பது பிராந்திய அரசு. 2006-ல் எமர்ஜென்சி அமைப்பு இத்தாலியில் தன் முதல் இலவச மருத்துவ மையத்தை பலெர்மோவில் திறந்தபோது பல் சிகிச்சையையும் சேர்த்தது. நல்ல வேலை. ஆனால் தொண்டு உரிமைக்கு ஈடாகாது.

ஆகவே சிசிலி அரசிடம் கேட்போம்: கண் பரிசோதனை போல, முரசுப் பரிசோதனையும் சிகிச்சையும் நீரிழிவுப் பராமரிப்பின் பகுதியாக இலவசமாகக் கிடைக்க வேணும்.

அதுவரைக்கும் ஒரு வேலை. இந்த ஞாயிறு வீட்டில அம்மாவிட்ட, மாமாவிட்டக் கேளுங்கோ: பல்லுத் தீட்டேக்க இரத்தம் வருதா? வந்தால் அடுத்த முறை நீரிழிவு வைத்தியரிட்ட நீங்களும் கூடப் போங்கோ. முரசைப் பற்றி அவர் கேட்காட்டி, நீங்கள் கேளுங்கோ.