யாம் ஏன் சமூகக்கல்வி ஆசிரியரானோம்?

மருத்துவம் கற்கச் செல்லும் மாணவனை நோக்கி, ‘ஏன் அதனைத் தெரிந்தாய்?’ என்று எவரும் வினாவுவதில்லை. சமூகக்கல்வி கற்பிக்கப் புறப்பட்டவனிடம் மாத்திரம் எல்லோரும் காரணம் கேட்கின்றனர். எம்மிடமும் உற்றாரும் உடன் பயின்றோரும் கேட்டனர். வேறு துறை வாய்க்காமையால் இதனை ஏற்றோம் என்பதே அவருட் பலரது எண்ணம். அவ்வெண்ணம் தவறானது. எமது காரணங்களை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

சரித்திரம், பூமிசாத்திரம், குடியியல் எனத் தனித்தனியே கற்பிக்கப்பட்டவை 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது சமூகக்கல்வி என ஒன்றாக்கப்பட்டன. இன்று அவை வரலாறு, புவியியல், குடியியற் கல்வி என மீண்டும் பிரிந்து நிற்கின்றன. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. மனிதர் எவ்வாறு கூடி வாழ்கின்றனர், எவ்வாறு வாழ்தல் தகும் என்பதே அப்பொருள்.

எமது முதலாவது காரணம் எமது வீட்டுக் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறையினூடே கீழிறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். தோட்டத்திற் கொட்டும் பசளையும் மலகூடக் கழிவும் அந்நீரையே சென்றடையும். ஒருவன் தன் வளவுக்குட் செய்வது அயலவன் குடிக்கும் நீரைக் கெடுக்கும் என்பதை இதனிலும் தெளிவாக எந்த நீதிநூல் உணர்த்தும்? மண்ணின் இயல்பும் மக்களின் கடமையும் ஒரே பாடமென்பதை யாம் அங்கே கண்டோம்.

இரண்டாவது காரணம், இருக்கை பற்றியது. இன்று ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள், அவ்வாறு அமர்தல் என்றும் உள்ள வழக்கமென எண்ணுகின்றனர். சாதி காரணமாகச் சிறுவர் நிலத்தில் இருத்தப்பட்ட காலம் இந்நாட்டில் இருந்தது. சம ஆசனம் வேண்டுமென்ற விதி 1930ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்தபோது குடாநாட்டிற் கடும் எதிர்ப்பு மூண்டது. பொதுவிடங்களிற் சாதி காரணமாகத் தடை செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. சைவத்தையும் தமிழையும் பேணும் கல்லூரியில் இவ்வரலாற்றை மறைத்துக் கற்பித்தல் சமயத்துக்குப் பெருமை தராது. உண்மையைக் கூறுதலே பெருமை தரும்.

மூன்றாவது காரணம் வாக்குரிமை. கல்வி, சொத்து என்னும் தகைமைகள் நீங்கி, ஆண் பெண் இருபாலாரும் வாக்களிக்கும் உரிமை 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இலங்கைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே, பூரண சுயராச்சியத்தை அத்திட்டம் தரவில்லையென யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை அரசாங்க சபையில் வெறுமையாகக் கிடந்தன. அவ்விளைஞர் செய்தது இலட்சியமா, இழப்பா? இதற்குரிய விடை பாடநூலின் கடைசிப் பக்கத்தில் இல்லை. மாணவர் இரு பக்கமும் நின்று வாதித்தே காணல் வேண்டும். கிடைத்த உரிமை பறிபோகவுங் கூடும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை வாக்கற்றவராக்கின. இதை அறியாத மாணவன் வாக்குச் சீட்டைக் கடதாசித் துண்டாகவே கருதுவான்.

ஆண்டுகளை மனனஞ் செய்யும் பாடம் இது என்பாரும் உளர். அவ்வாறு கற்பிப்போர் இருத்தல் கூடும். அது பாடத்தின் குற்றமன்று. ஆண்டு ஒரு முளை. சிந்தனையைக் கட்டுதற்கு அது வேண்டும். முளையை மாத்திரம் நட்டுவிட்டு மாட்டைக் கட்ட மறந்தால் பயன் யாது?

எமது கல்லூரியின் பழைய மாணவர் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உலகெங்கும் விளங்குகின்றனர். அவர் புகழில் யாமும் மகிழ்கின்றோம். எனினும் குழாய்க்கிணறு தோண்டும் பொறியியலாளன் அயலவன் கிணற்றை எண்ணுதல் வேண்டும். நோயாளியைத் தொடும் மருத்துவன் அவன் குலத்தை எண்ணாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் கற்பிக்கும் வகுப்பறை எமது வகுப்பறையே. அதனாலேயே இத்தொழிலை விரும்பி ஏற்றோம்.

பெற்றோர்க்கும் பழைய மாணவர்க்கும் எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. ‘இப்பாடம் சோதனைக்கு மாத்திரம் போதும்’ என்று பிள்ளைகளிடம் கூறாதீர்கள். உங்கள் ஊரின் பழைய உறுதிகள், கடிதங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளைக் கல்லூரி நூலகத்துக்கு உதவுங்கள். போரினாலும் இடப்பெயர்வினாலும் இழந்தவை பல. எஞ்சியவையேனும் எமது மாணவரின் பாடமாகட்டும். ஊரை அறிந்தவனே உலகத்துக்கு உதவுவான்.