புதுப்பித்தல் யாருக்காக?

கணிப்பொறியைப் பாதுகாப்புக்காகப் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் அதை வாங்கிய வீட்டார் படும் பாடு இருக்கிறதே!

2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2, நிறுவும்போதே சில மாக் கணிப்பொறிகளின் வன்தட்டுப் பகுதிகளை அழித்துவிட்டது. பாட்டுப்பெட்டி வாங்கப்போய் வீட்டை இழந்த கதை! 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளை நீக்கியது. மைக்ரோசாப்ட் சில நாட்களில் அதை நிறுத்தி வைத்தது.

இவையாவது பிழைகள். வேண்டுமென்றே எடுத்துவிடுவதை என்னென்பது? 2015இல் விண்டோஸ் 7இலிருந்து 10க்கு மாறியோர் மீடியா சென்டரை இழந்தனர். டிவிடி ஓட்டத் தனி மென்பொருள் தேட வேண்டியதாயிற்று. நம் ஊர் வீடுகளில் கல்யாணப் படங்கள் இருப்பதோ டிவிடியில்! இதைச் சொன்னதும், "பழுதுபார்க்கக் கொடுத்த பூட்டைச் சாவியில்லாமலா திருப்பித் தருவான்?" என்றார் எங்கள் பாட்டி. திண்டுக்கல்காரர் வேறெப்படிக் கேட்பார்!

பழையதற்குத் திரும்ப முதலில் ஒரு மாதத் தவணை இருந்தது. 2016இல் அது 10 நாளாகக் குறைந்தது. பத்து நாளைக்குள் கல்யாணப் படத்தைப் போட்டுப் பார்ப்பவர் யார்? எதை எடுக்கப்போகிறோம் என்று தமிழில் ஒரு வரி சொல்லி, சம்மதம் கேட்கட்டும். கேட்டால் பாதிப்பேர் வேண்டாம் என்போம். அதனால்தான் கேட்பதில்லை போலும்.