வழியில் ஒன்றுமில்லையா?

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலுள்ள பள்ளிகள் சில, மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி நாட்டின் நடுவிடத்துக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளன. அடிலெய்டில் புறப்பட்டு உலுரு என்னும் பெரும்பாறை வரை சென்று திரும்பும் பயணம் அது. ஒரு வழிக்கே ஏறத்தாழ 1600 கிலோமீட்டர். மெல்போர்னிலிருந்து கிளம்புவோர்க்கு இன்னும் 700 கிலோமீட்டருக்கு மேல் கூடும். பகலெல்லாம் பேருந்து, இரவில் கூடாரம், விடிந்தால் மறுபடியும் பேருந்து. ஆஸ்திரேலியர் 'அவுட்பேக்' என்றழைக்கும் உள்நாட்டுப் பெருவெளியைப் பிள்ளைகள் இவ்வாறுதான் முதன்முதலாகக் காண்கிறார்கள்.

இதனை வேண்டாம் என்பார் சொல்லும் காரணம் எளியது. பாறைக்கு அருகிலேயே விமான நிலையம் இருக்கிறது; சிட்னியிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் சில மணி நேரத்தில் போய் இறங்கலாம். வழியில்தான் ஒன்றுமில்லையே, எதற்காக நாள்கணக்கில் பேருந்துக்குள் பிள்ளைகளை அடைத்து வைக்க வேண்டும்? வேண்டும் என்பாரோ ஒழுக்கம், கூட்டுவாழ்வு, துன்பம் பொறுக்கும் திறன் என்று பட்டியலிடுகிறார்கள். அவற்றையெல்லாம் ஊருக்குப் பக்கத்து மலையில் இரண்டு நாள் கூடாரமடித்தும் கற்பித்துவிடலாம். அதற்கு 1600 கிலோமீட்டர் தேவையில்லை.

நாம் பேருந்தின் பக்கமே நிற்கிறோம். அதற்கான காரணம் மேற்சொன்ன மறுப்புக்குள்ளேயே இருக்கிறது. 'வழியில் ஒன்றுமில்லை' என்ற அந்த வாக்கியத்துக்கு அந்நாட்டின் தொல்குடியினர் கொடுத்த விலை மிகப் பெரியது. அதனை நம்பாத ஒரு தலைமுறை உருவாக வேண்டுமானால், பிள்ளைகள் அந்த வழியைக் கண்விழித்துக் கடந்தாக வேண்டும்.

தமிழ் படித்தவர்க்கு இந்நிலத்தைக் கண்டதும் 'பாலை' என்ற சொல் நாவில் வந்து நிற்கும். அச்சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்பது இங்கு உதவும். அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணை. நீரற்ற வழியை நம் முன்னோர் வெறுமை என்று தள்ளிவிடவில்லை. கள்ளியையும் ஓமையையும் இருப்பையையும், வாடிய யானையையும், வட்டமிடும் பருந்தையும் பெயர் சொல்லிப் பாடினார்கள். ஆயினும் அப்பாடல்களில் ஒரு குறையும் உண்டு. அங்கே பேசுவோர் பெரும்பாலும் அந்நிலத்தைக் கடந்து செல்பவனும், அவனை எண்ணி வீட்டில் வருந்துபவளும், அவளைச் சார்ந்தோருமே. வழியில் வில்லேந்தி நிற்கும் மறவர் அச்சத்துக்குரிய உருவங்களாக வந்து போகிறார்களேயன்றித் தம் பக்கத்தைச் சொல்வதில்லை. எயினர் குரலை நாம் கேட்பதற்குச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடந்து செல்பவனின் கண் கூர்மையானதாக இருக்கலாம். அது முழுமையான கண் ஆகாது. பள்ளிப் பேருந்தின் சன்னலுக்கும் இது பொருந்தும்.

வழியைப் பார்ப்போம். அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் போர்ட் அகஸ்டா. அங்கிருந்து டார்வின் வரை 2700 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. 1861-62-ல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து மீண்ட ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயர் அதற்கு. இச்சாலையின் தென் ஆஸ்திரேலியப் பகுதி முழுவதும் தார் கண்டது 1987-ல்தான். உப்பேரிகள் வெண்மையாகக் கிடக்கும். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள தொடர் லாரிகள் எதிரே வந்து பேருந்தை உலுக்கிவிட்டுப் போகும். கிளெண்டாம்போ என்னும் சிற்றூரை விட்டால் கூபர் பீடி வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோலும் கிடையாது, தேநீரும் கிடையாது. தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொள்வது ஒரு முடிவு என்பதைக் குழாயைத் திறந்தே பழகிய பிள்ளை அங்கேதான் உணர்கிறது. தொலைவு என்பதை உடம்பால் அறிவது ஒரு கல்வி. வானூர்தியில் அதனைப் பெற இயலாது.

ஆனால் உடம்பு அறிந்தது மட்டும் போதாது. இந்த வழி நெடுகிலும், பேருந்தில் அமர்ந்திருக்கும் மாணவரின் வயதையொத்த பிள்ளைகளின் வரலாறு கிடக்கிறது. அதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூபர் பீடியில் தொடங்கலாம். 1915-ல் அங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தவன் பொன் தேடி வந்த கூட்டத்தோடு வந்திருந்த 14 வயதுச் சிறுவன். அக்கல்லுக்காக மண்ணைத் தோண்டிய மனிதர்கள் வெயிலுக்கு அஞ்சி, தோண்டிய குழிகளையே வீடாக்கிக்கொண்டார்கள். இன்றும் அங்கே நிலத்தடி வீடுகளும் தேவாலயங்களும் உண்டு. மாணவர்க்கு மிகவும் பிடித்த நிறுத்தம் இதுவே. ஊரின் பெயருக்குத் தொல்குடி மொழியில் 'வெள்ளையனின் குழி' என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு பார்வை இருக்கிறது. வந்தவன் நிலத்தை வெறுமை என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்தவன் அவனை வேடிக்கை பார்த்துப் பெயரும் வைத்துவிட்டான்.

கூபர் பீடிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி இருப்பது வூமெரா. தொல்குடியினர் ஈட்டியை விசையோடு எறிவதற்குப் பயன்படுத்தும் கருவியின் பெயர் அது. அப்பெயரை 1947-ல் அமைந்த ஏவுகணைச் சோதனைக் களத்துக்குச் சூட்டினார்கள். இன்றும் ஏறத்தாழ 1,22,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடச் சற்றே குறைந்த பரப்பு, தடைசெய்யப்பட்ட பகுதியாக உள்ளது. நெடுஞ்சாலை அதனூடே செல்கிறது. 'ஒன்றுமில்லாத இடம்' என்பதனால்தான் இந்நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே எண்ணத்தோடு பிரித்தானியர் 1953-ல் எமு ஃபீல்டில் இரண்டு அணுகுண்டுகளையும், 1956-57-ல் மாரலிங்காவில் ஏழு குண்டுகளையும் வெடித்தார்கள். சிறு சோதனைகள் 1963 வரை நீடித்தன.

அங்கே மனிதர்கள் இருந்தார்கள். வாலட்டினா என்னும் கால்நடைப் பண்ணையில் வாழ்ந்த யாமி லெஸ்டர் அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன். 1953-ல் தென்திசையிலிருந்து கரிய மூடுபனி ஒன்று தரையோடு உருண்டு வந்ததையும், அதன்பின் முகாமில் இருந்தோர் நோயுற்றதையும், தம் கண்கள் எரிந்ததையும் அவர் பிற்காலத்தில் சொன்னார். பார்வையை முற்றிலும் இழந்தார். அவரும் அவரைப் போன்றோரும் எழுப்பிய குரலே 1984-85-ல் அரச விசாரணை ஆணையம் அமையக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 2017-ல் அவர் மறைந்தார். அந்தத் திசையில் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, சன்னலோரம் அமர்ந்த ஆறாம் வகுப்பு மாணவனுக்கு இச்செய்தி தெரியுமானால், அவன் 'ஒன்றுமில்லை' என்று சொல்வானா?

வூமெராவின் கதை அத்தோடு முடியவில்லை. 1999 முதல் 2003 வரை அங்கே ஒரு தடுப்பு முகாம் இருந்தது. கடல்வழி வந்து அடைக்கலம் கேட்டோரை, குழந்தைகளோடும் சேர்த்து, முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். ஆப்கானியர், ஈராக்கியர், ஈரானியர் என்று பலர். தடுப்பு முகாம்களில் குழந்தைகள் பட்ட பாட்டை அந்நாட்டின் மனித உரிமை ஆணையம் 2004-ல் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. இதில் ஒரு கொடிய முரண் இருக்கிறது. ஏறத்தாழ நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே உள்நாட்டுக்கு ஒட்டகங்களோடு வந்தவர்களையும் ஆஸ்திரேலியர் 'ஆப்கானியர்' என்றே அழைத்தார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து மட்டுமின்றிப் பலுசிஸ்தான், பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். சாலையும் இருப்புப்பாதையும் இல்லாத காலத்தில் பண்டங்களைச் சுமந்து அந்நாட்டின் நடுப்பகுதியை வாழவைத்தவர்கள். இன்று அடிலெய்டிலிருந்து டார்வின் செல்லும் தொடர்வண்டிக்கு 'கான்' என்று பெயர். அது 'ஆப்கான்' என்பதன் குறுக்கம். பெயரைத் தொடர்வண்டிக்குச் சூட்டிப் பெருமை கொள்ளும் நாடு, அதே பெயருடைய மக்களின் குழந்தைகளை அதே நிலத்தில் வேலிக்குள் வைத்தது. பாடநூலில் இவை இரு வேறு பக்கங்களில் கிடக்கும். பேருந்தில் ஒரே வழியில் வருகின்றன.

எர்ல்டண்டாவில் சாலை பிரியும். மேற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டரில் உலுரு. வடக்கே 200 கிலோமீட்டரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். பிந்தைய ஊரில் 1951 முதல் 'வானொலிப் பள்ளி' நடக்கிறது. அண்டை வீடே பல பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பண்ணைப் பிள்ளைகள், ஆசிரியரின் குரலை மட்டும் கேட்டுப் படித்தார்கள். இப்போது செயற்கைக்கோள் வழி முகத்தையும் காண்கிறார்கள். இது பெருமைக்குரிய செய்தி, எல்லாப் பள்ளிகளும் காட்டுகின்றன. அதே ஊரின் பழைய தந்தி நிலையத்தில் 1932 முதல் 1942 வரை கலப்புப் பெற்றோர்க்குப் பிறந்த தொல்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்திருந்தார்கள். அதையும் காட்ட வேண்டும். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது இத்தகைய பிள்ளைகளிடம்தான்.

உலுருவைப் பற்றிச் சில சொற்கள். 348 மீட்டர் உயரம். சுற்றி வந்தால் பத்துக் கிலோமீட்டர் நடை. 1873-ல் அங்கே வந்த வெள்ளையர் ஒருவர் ஓர் அரசியல் தலைவரின் பெயரால் அதனை 'ஏயர்ஸ் பாறை' என்றார். அந்நிலத்து மக்களுக்கு அது எப்போதும் உலுருவே. அம்மக்கள் தம்மை 'அணங்கு' என்கின்றனர்; அவர்கள் மொழியில் 'மனிதர்' என்று பொருள். நம்மவர் ஒலி ஒப்புமையைக் கண்டு உடனே உறவு கொண்டாடக் கிளம்ப வேண்டா, இது தற்செயல். 1985 அக்டோபர் 26-ல் நிலம் அவர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. உடனே 99 ஆண்டுக் குத்தகையாக அரசிடம் பெறப்பட்டும் விட்டது. பாறைமீது ஏற வேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தும் பயணிகள் ஏறிக்கொண்டேயிருந்தனர். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது தடை. 'அப்படியானால் அங்கே போய் என்ன செய்வது?' என்று கேட்ட பெற்றோரும் உண்டு. சுற்றி நடப்பது, கேட்பது, படமெடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் கருவியை உள்ளே வைப்பது. உச்சியில் நின்று கையசைப்பதைவிட இவை கடினமான பாடங்கள்.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. நகரத்துப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் போய், வறுமையிலும் ஒதுக்கலிலும் வாழும் மக்களை வேடிக்கை பார்க்கச் செய்வதன்றோ இது என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. 2024 மார்ச்சில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர மையத்தில் 18 வயது நிரம்பாதோர்க்கு இரவு ஊரடங்கு விதித்தார்கள். அந்த ஊரின் குடியிருப்புகளுக்குள் பள்ளிப் பேருந்து நுழைந்து சன்னல் வழியே பார்த்துச் செல்வது அருவருப்பான செயல். தொல்குடியினரே வழிகாட்டிகளாக நின்று, தாம் காட்ட விரும்புவதைத் தம் சொல்லில் காட்டும் இடங்கள் உண்டு, அங்கே போகட்டும். அழைக்காத இடத்துக்குப் போக வேண்டா.

ஆயினும் போகாமலே இருந்துவிடுவது இதற்கு விடையாகாது. 2023 அக்டோபர் 14 அன்று, தொல்குடியினர் நாடாளுமன்றத்துக்குக் கருத்துரைக்கும் அமைப்பொன்றை அரசியல் சட்டத்தில் ஏற்பதா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஆறு மாநிலங்களும் மறுத்தன. பேருந்துப் பயணம் அந்த முடிவை மாற்றியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்நாட்டில் வாக்களிப்பது கட்டாயம். இன்று பேருந்தில் போகும் பிள்ளைகள் 18 வயதில் அதே மக்களைப் பற்றி வாக்களிக்கப் போகிறவர்கள். அவர்களுள் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் கணிசம். தாம் தீர்மானிக்கப் போகும் நிலத்தை ஒருமுறையேனும் தரைவழியே கடந்திருப்பது நாகரிகத்தின் சிறு அளவு.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியது பெரிதன்று. ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்பும் பத்து நிமிடம், அந்த இடத்தில் வாழ்ந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். பேருந்துக்குள் திரைப்படம் போடுவதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பழைய பெயர்களையும் எழுதிக் கொடுங்கள். திரும்பும் வழியில் அதே 1600 கிலோமீட்டர் மறுபடியும் வரும். அப்போது மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள். போகும்போது கேட்டதில் எது தங்கியிருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.