கதவைத் தட்டிய தோழி

திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் பத்தை, அதாவது மூன்றில் ஒரு பங்கை, தோழியரை எழுப்புவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறாள் ஆண்டாள் நாச்சியார். 6ஆம் பாசுரம் தொடங்கி 15ஆம் பாசுரம் வரை வீடு வீடாகச் சென்று அழைக்கிறாள். கண்ணனைக் காண விழைந்தவள் தனியே போயிருக்கலாம், தடுப்பார் எவருமில்லை. ஆயினும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, கொஞ்சியும் கடிந்தும், உள்ளே இருப்பவளை வெளியே வரச் செய்த பிறகே மேலே நடக்கிறாள். உள்ளே இருந்தவர்களும் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர் என்பது வியாக்கியானம் செய்த பெரியோர்கள் காட்டும் நயம். தகுதி மிக்கவர்கள்தாம்; ஆனால் தத்தம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்கள்.

இப்பாசுரங்களைச் சேவிக்கும்போதெல்லாம் அண்மைக் காலமாக எனக்கு ஆய்ப்பாடியோடு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரமும் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் என் தமையனாரின் பேத்தி.

அவள் மேற்படிப்புக்காகச் சேர்ந்தது அந்நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். ஸ்காட்லாந்திலிருந்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளையாக வந்து, பருத்தி ஆலையில் கூலிக்கு உழைத்து, பின்னாளில் இரும்பாலைகளால் பெருஞ்செல்வரான ஆண்ட்ரூ கார்னகி 1900ஆம் ஆண்டில் நிறுவியது. இன்று அங்கே ஏறக்குறைய 15,000 மாணவர்கள் பயில்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் இது சிறியதுமன்று, பெரியதுமன்று. சிறு கல்லூரியானால் நாலு நாளில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய இடத்தில் யாரும் தானாக வந்து நம்மைக் கண்டுகொள்வதில்லை. நம் நாட்டுப் பிள்ளைகள் அங்கே கணிசமாகவே இருக்கிறார்கள். அதனால் என்ன? ரயில் பெட்டி நிறைய ஜனங்கள் இருந்தும் பேச்சுத் துணையின்றி டில்லி வரை போனவர்கள் நம்மில் இல்லையா?

வங்கியில் கல்விக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்த காலத்தில், கட்டணத்துக்கு ஒரு கட்டம், விடுதிச் செலவுக்கு ஒரு கட்டம், விமானப் பயணத்துக்கு ஒரு கட்டம், கணினிக்கு ஒரு கட்டம் என்று எல்லாம் இருக்கும். துணைக்கு மட்டும் கட்டம் கிடையாது.

அந்த வளாகத்தின் நடுவே ஒரு வேலி இருக்கிறதாம். மாணவர் குழுக்கள் அதில் வர்ணம் தீட்டித் தங்கள் செய்தியை எழுதலாம். ஆனால் நள்ளிரவுக்கும் சூரியோதயத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் தீட்ட வேண்டும். தூரிகை கொண்டுதான் தீட்ட வேண்டும். வேலியைத் தங்கள் வசம் வைத்துக்கொள்ள இரவும் பகலும் யாராவது காவல் இருக்க வேண்டும். குளிரில் கூடாரம் அடித்துச் சிரித்துப் பேசிக் காவல் காக்கும் அந்தப் பிள்ளைகளைக் கடந்துதான் எங்கள் பெண் தினமும் வகுப்புக்குப் போவாள். பாட்டி தொலைபேசியில், "சாப்பிட்டாயா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்" என்று பதில் வரும். நவம்பர் இறுதியில் ஒருநாள், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது என்று தொடங்கி, "தாத்தா, நான் திரும்பி வந்துவிடட்டுமா?" என்று முடித்தாள். மதிப்பெண்ணில் ஒரு குறையுமில்லை. மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை, அவ்வளவே. தமையனார் வந்துவிடச் சொன்னார். பெண்ணின் தாயார் பருவத் தேர்வு முடியட்டும் என்றாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

அதே வாரச் சனிக்கிழமை அவள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். கீழ்த்தளத்தில் குடியிருந்த தெலுங்குப் பெண், ஓராண்டு மூத்தவள். "கோயிலுக்கு மூவர் போகிறோம். நீயும் வந்தால் கார் வாடகையை நாலாகப் பிரிக்கலாம்" என்றாளாம். என்னைப் போன்றவனுக்கு இதைவிட இனிய அழைப்பு இருக்க முடியாது!

பிட்ஸ்பர்க்கின் கிழக்குப் புறத்தில் பென் ஹில்ஸ் குன்றின்மேல் வேங்கடேசப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். 1976இல் உருவான ஆலயம். திருமலைக் கோயிலை மனத்தில் கொண்டு எழுப்பப்பட்டது. அமெரிக்காவில் நம் மரபுப்படி எழுந்த பழைய ஆலயங்களில் ஒன்று. 1965இல் அந்நாட்டின் குடியேற்றச் சட்டம் மாறிய பின் சென்ற மருத்துவர்களும் பொறியாளர்களும் பேராசிரியர்களும் கூடி முயன்றது. அவர்களில் பலரும் ஒரு காலத்தில் கொட்டும் பனியில் தனியறையில் கிடந்த மாணவர்கள்தாமே.

பெருமாளைச் சேவித்ததும் மனம் லேசாயிற்று என்று அவள் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அன்று அவள் சேவித்தாள், புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டாள், அறைக்குத் திரும்பி மறுபடி அழுதாள். உண்மையான மாற்றம் மார்கழியில்தான் வந்தது.

டிசம்பர் நடுவில் அங்கே பருவம் முடிந்து வளாகம் காலியாகிவிடுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விமானக் கட்டணம் கட்டுபடியாகாதவர்கள் ஒரு மாதம் போல அறையிலேயே கிடக்க வேண்டியதுதான். அந்தத் தெலுங்குப் பெண் மறுபடியும் கதவைத் தட்டினாள், இம்முறை கையில் ஒரு புத்தகத்தோடு. மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை சேவிக்கப்படுவதால், அவள் வீட்டிலும் அது வழக்கம். தெலுங்கு எழுத்தில் படிப்பாள். தமிழ் உச்சரிப்பும் பொருளும் தெரியாது. "உனக்கு வருமா?" என்று கேட்டாள்.

வராமலென்ன! ஐந்து வயதிலேயே மன்னி மடியில் உட்கார்த்தி வைத்து முப்பதையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். வெகு நாட்களாக அவள் நாவில் உறங்கிக் கிடந்தவை அவை. அன்று முதல் தினமும் மாலை ஆறரைக்கு, அதாவது இங்கே நம் கோயில்களில் மறுநாள் விடியற்காலை ஐந்து மணி ஆகும்போது, அவள் அறையில் ஒரு பாசுரம். முதலில் இருவர், பிறகு கன்னடப் பெண் ஒருத்தி, பிறகு ஒரு மராட்டியப் பெண், வாரக் கடைசியில் ஏழு பேர். சிறப்பு ழகரத்தை எல்லோருக்கும் பழக்கிக் கொடுத்தவள் எங்கள் பெண். ஒருத்தி வரத் தாமதமானால் இன்னொருத்தி போய்க் கதவைத் தட்டுவாளாம். ஆறாவது பாசுரம் வந்த அன்று, தாங்கள் செய்துகொண்டிருப்பதையே பாட்டில் கண்டு எல்லோரும் சிரித்துவிட்டார்களாம்.

ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்ததால் அவள் தேறினாள் என்று தமையனார் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளிடம் இருந்த ஒன்று மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது, அதனால்தான் தேறினாள். கைங்கரியம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதுவன்றோ இது? இப்போது மாதம் ஒருமுறை அந்தப் பெண்கள் பென் ஹில்ஸ் கோயிலில் பூத் தொடுக்கவும் காய் நறுக்கவும் போகிறார்கள். ஈஸ்டரையொட்டிக் கிளீவ்லேண்டில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்கும் சென்று வந்தார்கள். 1978இல் ஒரு கிறித்துவ தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சிறு கூட்டமாகத் தொடங்கிய அது, இன்று கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக அரங்கில் பல நாள் விழாவாக நடக்கிறது. பஞ்சரத்தினக் கோஷ்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும் பாடியிருக்கிறாள்.

பேரன் பேத்தியரைத் தூர தேசம் அனுப்பிவிட்டுத் தொலைபேசி அருகே அமர்ந்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே, "யாருடன் சாப்பிட்டாய்?" என்றும் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அதைக் கவனியுங்கள்.

சென்ற ஆகஸ்டில் புதிதாக வந்து இறங்கிய மாணவியரின் அறைக் கதவுகளைத் தட்டியவள் எங்கள் பெண். கூடாரவல்லிக்கு இரண்டு நாள் முன்பு பாட்டியை அழைத்து, அக்கார அடிசிலுக்கு அளவு கேட்டாள்.

"எத்தனை பேருக்கம்மா?" என்றாள் மன்னி.

"இருபத்திரண்டு பேர், பாட்டி."

மன்னி ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "அத்தனை பேருக்கு உன் சின்ன குக்கர் போதாது. மூன்று வீட்டில் தனித்தனியாக வைக்கச் சொல்லு. பாலைக் குறைக்காதே" என்றாள்.