எண் சரியாம், எங்கள் கண்தான் பிழையாம்!

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் இப்போதே வாசியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்துப் பின்னேரம் தேத்தண்ணியோடு வாசியுங்கள். மாதிரி ரயில்களைப் பற்றிய பதிவு. “இதெல்லாம் ஒரு பிரச்சினையா சேர்?” என்று முதல் கொமென்ட் போடக் காத்திருக்கும் தம்பிமார் கடைசி வரை வாசித்துவிட்டுப் போடுங்கள்.

விசயம் இதுதான். மாதிரி ரயில் செய்யும் கொம்பனிகள் ஒரே ரயிலின் இன்ஜினையும் பயணிகள் பெட்டிகளையும் ஒரே நிறம் என்று சொல்லி விற்கின்றன. கொண்டுவந்து தண்டவாளத்தில் வைத்துக் கொழுவிப் பார்த்தால் இன்ஜின் ஒரு நிறம், பெட்டிகள் இன்னொரு நிறம். ஏன் என்று கேட்டால் ஒரு எண்ணைக் காட்டுகிறார்கள். “எங்கள் நிறம் உரிய எண்ணின்படி சரியானது. அசல் ரயிலிலும் வித்தியாசங்கள் இருந்தன.” எங்கள் மின்னஞ்சலுக்கு வந்த பதிலின் சாரம் இவ்வளவுதான். கலாசாலைக் காலம் தொட்டு ஒன்றாக இருக்கும் நாங்கள் நாலு ஆசிரியர்கள் சேர்ந்து மாதம் மாதம் ஒதுக்கிய காசில் வாங்கிய ரயில் அது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு கொம்பனியோடு முடிகிற நோயாக இருந்தால் பெயர் சொல்லலாம்.

நாங்கள் வாங்கியது ஜேர்மனியின் ரைன்கோல்ட். 1928இல் தொடங்கிய பெயர் அது. நெதர்லாந்தின் கடற்கரைப் பக்கமிருந்து ரைன் நதியோரமாகச் சுவிட்சர்லாந்துக்குப் போகும் சொகுசு ரயில். 1962இல் அதற்குப் புதுப் பெட்டிகள் வந்தன. கண்ணாடி மாடம் வைத்த பெட்டியும் அவற்றில் உண்டு. கீழே கோபால்ட் நீலம், ஜன்னல் வரிசையில் பேஜ். பேஜ் என்றால் நம்மூர்க் கணக்கில் பால் கூடின தேத்தண்ணி நிறம். அந்தப் பெட்டிகளை இழுப்பதற்கென்றே ஈ 10 வகை மின்சார இன்ஜின்கள் சிலவற்றுக்கும் அதே நீலத்தையும் அதே பேஜையும் பூசினார்கள். 1965இல் ரைன்கோல்ட், ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ் என்ற சர்வதேச ரயில் வரிசையில் சேர்ந்தபோது நீலம் போய்ச் செத்தல் மிளகாயின் கருஞ்சிவப்பு வந்தது, பேஜ் அப்படியே இருந்தது. பிறகு வந்த 103 வகை இன்ஜின்களுக்கும் அதே சிவப்பு, அதே பேஜ்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ரயிலிலும் இன்ஜினும் பெட்டியும் ஒரே நிறமாக இருந்ததில்லை. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் கொம்பனியில் இன்ஜின் பச்சை, பெட்டிகள் சொக்லட்டும் கிறீமும். லண்டன் அன்ட் நோர்த் ஈஸ்டர்னில் இன்ஜின் இளம்பச்சை, பெட்டிகள் வார்னிஷ் அடித்த தேக்கு. அங்கே யாரும் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் பொருத்தம் கேட்க மாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அதே நோர்த் ஈஸ்டர்ன் 1937இல் கொரொனேஷன் என்ற ரயிலை விட்டபோது இன்ஜினுக்குப் பூசிய நீலத்தையே பெட்டிகளின் கீழ்ப்பாதிக்கும் பூசியது. அதே 1937இல் அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் கொம்பனி டேலைட் ரயிலை விட்டது. சிவப்பும் செம்மஞ்சளும் இன்ஜினின் பக்கவாட்டில் தொடங்கி, டெண்டரைக் கடந்து, கடைசிப் பெட்டி வரை ஒரே பட்டையாக ஓடும். இந்த ரயில்களைக் கட்டியவர்களின் நோக்கமே தலையும் உடலும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதுதான். ரைன்கோல்டும் அந்தச் சாதி. அதன் மாதிரியில் நிறம் பொருந்தாவிட்டால் சின்னக் குறை ஒன்று விழுந்துவிட்டது என்று கடந்து போக முடியாது. எதை மாதிரி செய்தார்களோ அதுவே அங்கே இல்லை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஜேர்மனியில் ரால் என்றொரு நிற அட்டவணை உண்டு. (இறாலை நினைக்க வேண்டாம்.) 1927இல் 40 நிறங்களோடு தொடங்கியது. பேஜ் 1001, கருஞ்சிவப்பு 3004, கோபால்ட் நீலம் 5013. எண்ணைச் சொன்னால் எந்த ஊர்ப் பெயின்ட் கடைக்காரனுக்கும் நிறம் விளங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த எண் எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்பதை விளங்க வேண்டும். ரால் தன் அட்டைகளையே இரண்டு வகையாக வெளியிடுகிறது. ஒன்று பளபளப்பு, மற்றது அரை மங்கல். ஒரே எண்தான், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளபளப்பானது ஆழமாகத் தெரியும், மங்கலானது வெளிறித் தெரியும். அட்டையிலேயே இப்படி என்றால், ஒரு தொழிற்சாலையில் உலோக வார்ப்பு இன்ஜினிலும் இன்னொரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பெட்டியிலும் பூசும்போது என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பது ஒன்றும் மர்மமில்லை. வெளிர் நிறப் பெயின்ட் அடியில் இருப்பதை முழுதாக மறைக்காது. நீலப் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிசாகப் பேஜ் அடித்தால் அது கொஞ்சம் சாம்பலாகும். வெள்ளை அடிப்பூச்சின் மேல் அடித்தால் சூடாக, மஞ்சளாக நிற்கும். ஒருவர் ஸ்பிரே அடிப்பார், ஒருவர் பட்டையை அச்சுப் பதிப்பார். ஒருவர் கடைசியில் மங்கல் வார்னிஷ் போடுவார், ஒருவர் போட மாட்டார். இவ்வளவும் நடந்த பிறகு டின்னில் ஒட்டியிருந்த எண்ணைத் தூக்கிக் காட்டி “சரி” என்பது, சோறு குழைந்த பிறகு அரிசிப் பையைக் காட்டுவது மாதிரி.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை எங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் கொம்பனியை விட நன்றாகச் சொல்வார்கள். சல்வாருக்கு மெச்சிங் ஷோல் எடுக்கப் போனால் கடைக்குள் பார்த்து யாராவது காசு கொடுப்பார்களா? இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். ஹபாயாவும் ஷோலும் தனித்தனிக் கடையில் வாங்கியவர்களுக்குக் கறுப்பிலேயே எத்தனை கறுப்பு என்று தெரியும். காரணம் விஞ்ஞானப் பாடத்தில் இருக்கிறது. இரண்டு சாயங்கள் வெவ்வேறு நிறமிகளால் ஆனவை என்றால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிபவை மற்ற வெளிச்சத்தில் பிரிந்துவிடும். எங்கள் ரைன்கோல்டைப் பாடசாலை விறாந்தையில் வைத்தபோது ஓரளவு சகித்துக்கொள்ளலாம். வீட்டில் மஞ்சள் எல்ஈடி பல்பின் கீழ் வைத்தபோது பெட்டிகளின் பேஜ் பச்சை தட்டி நின்றது, இன்ஜினுடையது ரோசாப் பக்கம் சாய்ந்தது. மாதிரி ரயில் ஓடுவது வீட்டுக்குள், பல்பின் கீழ். நிறத்தை அந்த வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு விற்க வேண்டாமா?

அடுத்த சாட்டு, எங்களுக்கு அதிகம் கோபம் வந்தது. “அசல் ரயிலிலும் நிறம் மாறித்தான் இருந்தது.” உண்மைதான், மாறியது. வெயிலில் வெளிறும், கழுவும் மருந்தில் மங்கும், பிரேக்கின் இரும்புத்தூள் கீழ்ப்பகுதியில் துரு நிறமாகப் படியும். இன்ஜின் ஒரு வருசம் பட்டறைக்குப் போய்ப் புதுப் பெயின்ட் வாங்கும், பெட்டி வேறொரு வருசம் போகும். ஜேர்மனியில் பிறகு வந்த ஒரு சிவப்பு, ரால் 3031, வெயிலில் ரோஸ் நிறத்துக்கு வெளிறியதை அந்த ஊர் ரயில் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் இப்படி வரும் மாற்றம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கூரைப் பக்கம் ஒரு மாதிரி, அடிப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும். எங்கள் மேசையில் இருப்பது என்ன? ஐந்து பெட்டியும் அச்சொட்டாக ஒரே நிறம், மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம். இன்ஜின் மட்டும் வேறு, அதுவும் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக வேறு. எந்த ஊர் வெயில் இப்படிக் கணக்குப் பார்த்து அடிக்கும்? இரண்டு டின் பெயின்டின் வித்தியாசத்துக்கு வரலாறு என்று பெயர் வைக்காதீர்கள்.

இதே சாட்டின் தம்பி ஒன்று உண்டு: “அழுக்குப் பூசிவிடுங்கள், தெரியாது.” இது கொம்பனி சொல்வதில்லை, வாங்கியவர்களே ஒருவருக்கொருவர் சொல்வது. அழுக்குப் பூசுவது ஒரு கலை. நன்றாகச் செய்பவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ரைன்கோல்ட் ஒரு நாட்டின் பெருமைக்கு ஓடிய ரயில், கழுவித் துடைத்துத்தான் விட்டிருப்பார்கள். அடுத்தவன் விட்ட பிழையை மறைக்க அதன் மேல் சேறு பூசச் சொல்வது என்ன நியாயம்?

ஒரு சாட்டு மட்டும் பாதி நியாயமானது. தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் கண்ணுக்கு வெளிறித் தெரியும், இடையிலுள்ள காற்றுத்தான் காரணம். 1:87 அளவில் அரை மீற்றர் தள்ளியிருந்து பார்த்தால் அசலை 43.5 மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். ஆகவே சின்ன மாதிரிக்கு அசல் நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்துதான் பூச வேண்டும் என்று சில கொம்பனிகள் நினைக்கின்றன, சில நினைப்பதில்லை. இரண்டுக்கும் வாதம் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் எங்கள் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. வெளிறச் செய்தவர் எண்ணிலிருந்து வேண்டுமென்றே விலகியவர். அவரும் பெட்டியில் அதே எண்ணைப் போடுகிறார், விலகாதவரும் அதே எண்ணைப் போடுகிறார். பிறகு அந்த எண்ணை நம்பி வாங்குபவன் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது காசு. ஒரு பெட்டியின் அசல் நீளம் 26.4 மீற்றர், 1:87இல் 30 சென்ரிமீற்றர். ஐந்து பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் ஒன்றரை மீற்றருக்கு மேல் ஒரே பட்டை ஓட வேண்டும். கொம்பனிகள் இதை ஒரே தடவையில் விற்பதில்லை. இந்த வருசம் இன்ஜின், அடுத்த வருசம் மூன்று பெட்டி, அதற்கடுத்த வருசம் மாடப் பெட்டி. ஒரே கொம்பனியில் வாங்கினாலும் வருசத்துக்கு ஒரு நிறம் வருவது இதனால்தான். ஐரோப்பாவில் இருப்பவர் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். நாங்கள் யாரோ ஒருவரின் பயணப்பெட்டியில் கெஞ்சிக் கேட்டுக் கொண்டுவருகிறோம். திருப்பி அனுப்பும் செலவில் இன்னொரு பெட்டியை வாங்கிவிடலாம். அவர்களுக்கு ஒரு டின் மாற்றும் வேலை, எங்களுக்கு ஒரு வருசச் சேமிப்பு.

காசை விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பிமாருக்கான பதிலும் இதுதான். நாங்கள் அந்த ரயிலைப் பாடசாலைக்குக் கொண்டுபோனோம். தரம் ஏழுப் பிள்ளை ஒன்று பார்த்த உடனேயே கேட்டது: “சேர், இன்ஜின் வேற ரயிலுடையதா?” அந்தப் பிள்ளைக்கு எண் தெரியாது, ஜேர்மனி தெரியாது. கண் இருந்தது, பார்த்தது, சொன்னது. அந்தப் பிள்ளையிடம் “இல்லை மகன், இரண்டும் 1001தான், நீ பார்ப்பது பிழை” என்று சொல்லச் சொல்கிறீர்களா? வகுப்பறையில் வருசம் முழுக்க நாங்கள் படும் பாடு பிள்ளைகளை அவதானிக்கச் செய்வதுதான். புத்தகத்தில் ஒன்று இருந்து, முன்னால் இருக்கும் பொருள் வேறொன்றைக் காட்டினால், பொருளை மறுபடி பார், அளந்து பார் என்கிறோம். கொம்பனி எங்களுக்குச் சொல்வது இதற்கு நேர்மாறு. புத்தகத்தைப் பார், கண்ணை மூடு.

நாங்கள் கேட்பது பெரிய வரமில்லை. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கொழுவியை மாட்டும் குழிக்கும் நியம அளவு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒருவரின் இன்ஜின் இன்னொருவரின் பெட்டியை இழுக்கிறது. நிறத்திலும் அந்த ஒழுங்கில் பாதியைக் காட்டினால் போதும். முதல் தடவை செய்ததில் ஒரு மாதிரித் துண்டை எடுத்து வைத்து, அடுத்தடுத்த வருசங்களில் வருவதை அதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பகலிலும் பல்பிலும். பெட்டியின் மேல் எண்ணோடு “இந்த இன்ஜினோடு வைத்துப் பார்க்கப்பட்டது” என்று பொருள் இலக்கத்தைப் போடுங்கள். வேறுபாடு இருந்தால் இருக்கிறது என்று சொல்லி விற்றுவிடுங்கள், வாங்குபவன் தெரிந்து வாங்குவான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: விளம்பரப் படத்தை நம்ப வேண்டாம், அது கணினியில் ஒரே நிறத்தை ஊற்றி வரைந்ததாகவும் இருக்கலாம். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இன்ஜினையும் பெட்டியையும் கொழுவி ஜன்னலோரம் ஒன்று, பல்பின் கீழ் ஒன்று என்று இரண்டு போட்டோ கேளுங்கள். இரண்டிலும் பட்டை அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்ஜினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழைய பச்சை ஈ 40 ஒன்றை முன்னால் மாட்டியிருக்கிறோம். அசலில் அது சரக்கு இழுக்கும் இன்ஜின்.